கப்பலில் காசு செல்லாது

உல்லாசக் கப்பலில் ஏறிய பிறகு, கைப்பையில் இருக்கும் காசுத் தாள்களுக்குப் பெரும்பாலும் வேலை இல்லை. தேநீர் விற்கும் இடத்திலும், கடைகளிலும், மதுச்சாலையிலும், படம் எடுத்துத் தருபவரிடமும் எவரும் தாளைக் கையில் வாங்குவதில்லை. ஏறும்போது தருகின்ற ஓர் அட்டையைத்தான் நீட்ட வேண்டும். அந்த அட்டையே அறையின் திறப்பு. துறைமுகங்களில் இறங்கி ஏறும்போது காட்ட வேண்டிய அடையாளமும் அதுவே. றோயல் கரீபியன் நிறுவனம் அதைச் 'சீபாஸ்' என்கிறது; கார்னிவல் நிறுவனம் 'செயில் அண்ட் சைன்' என்கிறது; பிரின்சஸ் நிறுவனம் 2017 முதல் அட்டைக்குப் பதிலாக நாணயக் குற்றி அளவிலான 'மெடாலியன்' என்ற வில்லை ஒன்றைத் தருகிறது. சூதாட்டக்கூடம் போன்ற ஓரிரு இடங்களில் மட்டும் தாளுக்கு மதிப்புண்டு. ஆகவே "கப்பலுக்கு எவ்வளவு காசு கொண்டு போகலாம், அதை எங்கே ஒளித்து வைப்பது?" என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஒளித்து வைக்க வேண்டிய அளவுக்குக் காசே கொண்டுபோக வேண்டாம் என்பதுதான்.

இந்தக் கேள்வி யாழ்ப்பாணத்தில் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. அக்கா ரொறன்ரோவில், தம்பி சூரிச்சில், மச்சாள் இலண்டனில் என்று சிதறியிருக்கும் குடும்பங்கள், எல்லோருக்கும் எட்டக்கூடிய ஓரிடமாகச் சிங்கப்பூரைத் தெரிந்தெடுத்து, அங்கிருந்து மலேசியாவின் பினாங்குக்கும் தாய்லாந்தின் புக்கெட்டுக்கும் போய்வரும் கப்பலில் சில நாட்கள் ஒன்றாக இருந்துவிட்டுப் பிரிகின்றன. 2023 யூனில் கோர்டேலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை வழியாகக் காங்கேசன்துறைக்கு வந்தபோது, அதுவரை உல்லாசக் கப்பலைப் படத்தில் மட்டும் கண்டிருந்த பலருக்கும் நாமும் போனால் என்ன என்ற ஆசை பிறந்தது. வங்கி ஒன்றின் வெளிநாட்டு நாணயப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்பதால், பயணம் புறப்படுகிறவர்கள் பயணச்சீட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். நானும் சிங்கப்பூரிலிருந்து அப்படி ஒரு குடும்பப் பயணம் போய் வந்தவன்.

எங்கள் தலைமுறைக்குக் காசைக் காப்பது என்றால் உடம்போடு கட்டிக்கொள்வது என்றே பழக்கம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போரினால் இடம்பெயர்ந்து வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, காணி உறுதி, நகை, வங்கிப் புத்தகம், கையில் இருந்த தாள்கள் எல்லாவற்றையும் சேலைத் தலைப்பிலும் உள்ளாடையிலும் முடிந்துகொண்டுதான் அம்மாமார் நடந்தார்கள். திரும்பி வருவோமா என்று தெரியாத பயணத்துக்கு அது சரியான முறை. ஆனால் திரும்பி வரும் நாளும் நேரமும் சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும் பயணத்துக்கு அதே முறை ஆபத்தானது, ஏனென்றால் எல்லாம் ஓரிடத்தில் இருந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் போகும். இடுப்புப் பை ஒன்றுக்குள் கடவுச்சீட்டு, இரண்டு வங்கி அட்டைகள், ஆயிரத்து ஐந்நூறு டொலர், கைத்தொலைபேசி என்று அடைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகிறவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் கடலில் இறங்குவதானால் அந்தப் பையை மணலில் வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். உல்லாசப் பயணத்தின் காசு விடயத்தில் நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: ஒளிக்காதீர்கள், பிரியுங்கள்.

முதலில் கப்பலுக்குள் செலவாகும் காசை எடுத்துக்கொள்வோம். ஏறும்போதோ அதற்கு முன் இணையத்திலோ, உங்கள் கப்பல் கணக்கோடு ஒரு கடனட்டையை இணைக்கச் சொல்வார்கள். கடனட்டை இருந்தால் அதையே கொடுங்கள். டெபிட் அட்டையைக் கொடுக்காதீர்கள். காரணம் எளிது. ஹோட்டல்களைப் போலவே கப்பலும் நீங்கள் செலவழிக்கக்கூடிய ஒரு தொகையை முன்கூட்டியே ஒதுக்கி வைக்குமாறு வங்கியிடம் கேட்கும். சில கப்பல்கள் நாளாந்தச் செலவுக்கேற்ப அதைக் கூட்டிக்கொண்டும் போகும். கடனட்டையில் அந்த ஒதுக்கீடு உங்கள் கடன் எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. டெபிட் அட்டையிலோ அது உங்கள் சேமிப்பிலுள்ள உண்மையான காசை முடக்கிவிடுகிறது. பயணம் முடிந்து கணக்குத் தீர்ந்த பிறகும் அந்த முடக்கம் விலகச் சில நாட்கள், சில வேளை ஒரு வாரத்துக்கு மேலும் செல்லும். எங்களோடு வந்த உறவினர் ஒருவர் சிங்கப்பூரில் இறங்கியபின் தன் டெபிட் அட்டையில் காசு எடுக்கப் போய், கணக்கில் இருப்புக் காட்டியும் இயந்திரம் தர மறுத்ததால் திகைத்து நின்றார். கப்பலும் வங்கியும் தத்தம் ஒழுங்குப்படியே நடந்திருந்தன. அவர் வேறு அட்டை கொண்டு வராததுதான் சிக்கலாயிற்று.

கடனட்டையே இல்லாத பெரியவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒரே குடும்பமாகப் போகும்போது பிள்ளையின் அட்டையோடு தாய் தகப்பனின் கணக்கையும் இணைக்கலாம். வேண்டுமானால் அவர்கள் செலவழிக்கக்கூடிய தொகைக்கு எல்லையும் வைக்கலாம். சிறுவர்களின் அட்டைகளுக்கு இந்த எல்லையைக் கட்டாயம் வையுங்கள், விளையாட்டு இயந்திரங்கள் இருக்கும் கூடத்துக்கு அவர்கள் தனியாகப் போய் வருவார்கள். மற்ற வழி, வரவேற்பு மேசையில் காசாக முற்பணம் கட்டுவது. பெரும்பாலான நிறுவனங்கள் இதை ஏற்கின்றன, எவ்வளவு கட்ட வேண்டும் என்பது மட்டும் கப்பலுக்குக் கப்பல் மாறும். முற்பணம் தீர்ந்தால் அட்டை வேலை செய்யாது, மீண்டும் போய்க் கட்ட வேண்டும்; மிஞ்சினால் கடைசி இரவில் திருப்பித் தருவார்கள். அலைச்சல்தான். ஆயினும் செலவுக்குத் தானாகவே ஒரு கரை கட்டிவிடுவதால், எனக்கு இந்த முறைமீது தனி மதிப்பு உண்டு. கட்டும்போது தருகிற பற்றுச்சீட்டை மட்டும் கவனமாக வைத்திருங்கள்.

எங்களவர் எடுத்துப்போகும் காசில் பெரும் பங்கு தாளாக இருப்பதில்லை, தங்கமாக இருக்கிறது. பதினொரு பவுணிலோ பதின்மூன்று பவுணிலோ செய்த தாலிக்கொடியை அணிந்துகொண்டு, மேலே இரண்டு சங்கிலியும் நான்கு காப்புமாகக் கப்பல் ஏறினால், ஒரு பவுண் எட்டுக் கிராம் என்று கணக்குப் பார்க்கும்போது அந்தக் கப்பலின் சிறந்த அறையை வாடகைக்கு எடுக்கும் பெறுமதி கழுத்தில் தொங்கும். குடும்பப் படம் எடுக்கும் இரவுக்கு நகை வேண்டும் என்ற ஆசையில் நியாயம் இருக்கிறது, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கடல்வழியாகப் பயணிகளையும் அவர்களின் பொதிகளையும் ஏற்றிச் செல்வது தொடர்பாக 1974இல் ஏதென்ஸ் நகரில் நிறைவேற்றப்பட்ட சர்வதேச உடன்படிக்கையின் 5ஆம் உறுப்புரை, காசு, தங்கம், வெள்ளிச் சாமான், நகை போன்றவை தொலைந்தால் கப்பல்காரர் பொறுப்பாளியல்லர் என்றும், பாதுகாப்பாக வைத்திருக்கும்படி அவரிடமே ஒப்படைத்திருந்தால் மட்டும் குறிப்பிட்ட ஓர் எல்லை வரை பொறுப்பாளி என்றும் கூறுகிறது. அந்த உடன்படிக்கை பொருந்தாத பயணங்களிலும், பயணச்சீட்டின் நிபந்தனைகளுக்குள் இதே போன்ற வாசகம் பெரும்பாலும் இருக்கும். அறைக்குள் இருக்கும் சிறு பெட்டகத்தில் நீங்களே வைத்துப் பூட்டுவது 'ஒப்படைத்தல்' ஆகாது. விலை உயர்ந்த நகையைக் கொண்டுபோயே ஆக வேண்டுமென்றால், வரவேற்பு மேசையில் பொறுப்பேற்று வைக்கிறார்களா என்று கேட்டு, எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்கி ஒப்படையுங்கள். அக்காமாருக்கு நான் சொல்வது இதைவிட எளிது: கொடியை ஊரில் வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றிலோ மெல்லிய சங்கிலியிலோ தாலியைக் கோத்துக்கொண்டு வாருங்கள். இதற்கு முதலில் முகம் சுளிப்பார்கள்; பயணம் முழுவதும் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை என்பது இரண்டாம் நாளே விளங்கிவிடும்.

அறைப் பெட்டகம் பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. அறையைத் துப்புரவு செய்பவர் வந்து போகும் நேரத்தில் மேசைமீது கிடக்கும் தாளுக்கும், பெட்டகத்துக்குள் பூட்டிய தாளுக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. இரண்டாவது வங்கி அட்டை, அடுத்த துறைமுகத்துக்கான நாணயம், கப்பல் நிறுவனம் தன்வசம் எடுத்து வைக்காவிட்டால் கடவுச்சீட்டு ஆகியவற்றுக்கு அதுவே இடம். இலக்கத்தை நீங்களே அமைத்துக்கொள்ள வேண்டும். பிறந்த ஆண்டையும் அறை இலக்கத்தையும் தவிருங்கள். இலக்கத்தை மறந்துவிட்டால் திறப்பதற்குக் கப்பல்காரரிடம் தனி வழி ஒன்று உண்டு, ஆகவே அது எவராலும் திறக்க முடியாத பெட்டகம் அல்ல என்பதையும் மனத்தில் வைத்திருங்கள்.

இனி எந்தத் தாளைக் கொண்டுபோவது என்ற விடயம். இலங்கை ரூபாவை வெளியூரில் மாற்றுவது கடினம். மாற்றினாலும் விகிதம் மனத்தை நோகச் செய்யும். 2022இல் சில மாதங்களுக்குள் ஒரு டொலர் இருநூறு ரூபா அளவிலிருந்து முந்நூற்றறுபது ரூபாவுக்கு ஏறியதைக் கண்ட பிறகு, வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர் கையில் வைத்துவிட்டுப் போகும் தாள்களை மாற்றாமல் அலுமாரியில் சேர்த்து வைக்கும் வழக்கம் பல வீடுகளில் வேரூன்றிவிட்டது. பயணத்துக்கு அந்தத் தாள்களைத்தான் எடுத்துக்கொண்டு புறப்படுகிறார்கள். எடுக்குமுன் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். இருபது பவுண், ஐம்பது பவுண் கடதாசித் தாள்கள் 2022 செப்டெம்பர் 30ஆம் திகதிக்குப் பிறகு பிரித்தானியக் கடைகளில் செல்லாது. சுவிஸ் பிராங்கின் எட்டாம் வரிசைத் தாள்கள் 2021 ஏப்ரல் 30ஆம் திகதி மீளப்பெறப்பட்டன. இவற்றை அந்தந்த நாட்டு மத்திய வங்கி இன்னமும் மாற்றித் தருகிறது என்றாலும், பினாங்கில் காசு மாற்றும் கடைக்காரர் அதற்காக உங்களுக்கு உதவப் போவதில்லை. இலண்டனுக்கோ சுவிசுக்கோ திரும்புகிற உறவினர் கையில் கொடுத்துவிடுங்கள். திருச்செந்தூருக்கும் சிதம்பரத்துக்கும் போய் வந்தபோது மிஞ்சிய இந்தியத் தாள்களைக் கட்டிவைத்திருந்த வீடுகளுக்கு 2016 நவம்பர் 8ஆம் திகதி நடந்தது நினைவிருக்கும். ஐந்நூறும் ஆயிரமும் ஒரே இரவில் செல்லாமற் போயின. 2023 மே 19ஆம் திகதி இரண்டாயிரம் ரூபாத் தாளையும் புழக்கத்திலிருந்து மீளப்பெறுவதாக அறிவித்தார்கள். சென்னையிலிருந்து கப்பல் ஏறுகிறவர்கள் பழைய கட்டை நம்பிப் புறப்பட வேண்டாம்.

அமெரிக்க டொலரில் கதை வேறு. பழைய டொலர்த் தாளும் அமெரிக்கச் சட்டப்படி செல்லும். ஆனால் ஆசிய நகரங்களில் காசு மாற்றுகிறவர்கள் மடிப்பு விழுந்த, பேனாவால் எழுதிய, ஓரம் கிழிந்த தாள்களையும் பழைய வடிவத் தாள்களையும் மறுப்பது அல்லது குறைந்த விகிதம் கொடுப்பது வழக்கம். நூறு டொலரானால் 2013 ஒக்டோபரில் வந்த, நீலப் பட்டி ஓடும் தாளாகப் பார்த்து எடுங்கள். யாழ்ப்பாணத்தில் வாங்குவதானால் வங்கியிலோ மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நாணய மாற்றுக் கடையிலோ வாங்கி, பற்றுச்சீட்டைப் பயண ஆவணங்களோடு வைத்திருங்கள். சிங்கப்பூரில் இருக்கும் தெரிந்தவர் கையில் உண்டியல் மூலம், அதாவது வங்கியைத் தவிர்த்து ஆள்வழியாக, காசு கிடைக்கச் செய்வதாகச் சொல்பவரும் வருவார். அது சட்டத்துக்குப் புறம்பானது. வராவிட்டால் எவரிடமும் கேட்கவும் முடியாது. வேலையில் இருந்த காலத்தில் அப்படிக் கேட்க வழியின்றி வந்து நின்றவர்களின் முகங்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன.

துறைமுகத்தில் இறங்கும் நாளில்தான் தாள் உண்மையாகவே தேவைப்படும். பினாங்கில் கப்பல் கட்டுகிற சுவெட்டன்ஹாம் துறை ஜோர்ஜ் டவுன் நகரத்தை ஒட்டியே இருக்கிறது; நடந்தே லிட்டில் இந்தியாவுக்குப் போய்விடலாம். 1833ஆம் ஆண்டைச் சேர்ந்த மகா மாரியம்மன் கோவில் அங்கேதான் இருக்கிறது, காசு மாற்றும் கடைகளும் அந்தத் தெருக்களில் உண்டு. கப்பலுக்குள் மாற்றுவதைவிட அங்கே விகிதம் நன்றாக இருக்கும். ஒரு நாளில் ஒரு குடும்பத்துக்கு வாடகைக் கார், சாப்பாடு, அர்ச்சனை, சிறு சாமான்கள் என்று என்ன ஆகும் என்று மதித்து, அவ்வளவை மட்டும் ரிங்கிட்டாக மாற்றுங்கள். அதையும் இருவர் கையில் பிரித்து வையுங்கள். பெரிய தாளை வாடகைக் கார்க்காரரிடம் நீட்டி மிச்சத்துக்காக நிற்காமல், ஐந்தும் பத்துமாகக் கேட்டு வாங்குங்கள். எங்கள் வீடுகளில் முன்பு பெரியவர்கள் மடியில் செருகியிருந்த பனையோலைக் கொட்டப்பெட்டியில் அன்றைய வெற்றிலைக்கும் சந்தைக்குமான சில்லறைதான் இருக்கும், பெரிய தாள் ஒருபோதும் இருக்காது. துறைமுகப் பையும் அவ்வாறே இருக்கட்டும். முன் சட்டைப்பை, அல்லது கழுத்தில் மாட்டி உடுப்புக்குள் விடும் மெல்லிய பை போதும். கப்பல் அட்டையைக் கழுத்துப் பட்டியில் மாட்டி வெளியே தொங்கவிடாதீர்கள். இவர் கப்பலில் வந்தவர் என்று தெரு முழுவதற்கும் அது சொல்லிக்கொண்டிருக்கும்.

அட்டையால் செலுத்தும்போது கடைக்காரரின் இயந்திரம், உள்ளூர் நாணயத்திலா உங்கள் நாட்டு ரூபாவிலா என்று கேட்டால் உள்ளூர் நாணயத்தையே தெரிவு செய்யுங்கள். ரூபாவில் என்றால் மாற்று விகிதத்தை அந்தக் கடையின் அட்டை இயந்திரத்தை நடத்தும் நிறுவனம் தீர்மானிக்கும், அதற்குள் அவர்களின் இலாபமும் ஏறியிருக்கும். பார்க்க வசதியாக இருக்கிறதே என்று ரூபாவை அழுத்துகிறவர்களே அதிகம். தாய்லாந்தில் ஏ.ரி.எம். இயந்திரங்கள் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் இருநூறு பாட்டுக்கு மேல் தனிக் கட்டணம் அறவிடுகின்றன, அதன்மேல் உங்கள் வங்கியின் கட்டணமும் சேரும். ஆகையால் சிறிது சிறிதாக எடுப்பதில் பயனில்லை, சிங்கப்பூரிலேயே கொஞ்சம் பாட் வாங்கிக்கொள்வது நல்லது. புக்கெட்டின் பட்டோங் கடற்கரைக்குக் கப்பலிலிருந்து சிறு படகில் இறக்குவார்கள். படகில் ஏறும்போது தண்ணீர் அடிக்கும், தாளையும் தொலைபேசியையும் நீர் புகாத உறைக்குள் போடுங்கள். அங்கே நீர்ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்துவிட்டுத் திரும்பும்போது, இல்லாத கீறலைக் காட்டிப் பெருந்தொகை கேட்பது பல ஆண்டுகளாகப் பேசப்படும் மோசடி. எந்தக் காரணத்துக்காகவும் கடவுச்சீட்டை ஈடாகக் கொடுக்காதீர்கள். அது கையில் இல்லாவிட்டால் கப்பல் உங்களை விட்டுவிட்டுப் போகும் நிலைகூட வரலாம்.

உண்மையில் காசு களவு போவதைவிடக் கரைந்து போவதுதான் அதிகம், அது கப்பலுக்குள்ளேயே நடக்கிறது. பெரிய அமெரிக்க நிறுவனங்களின் கப்பல்களில் பணியாளருக்கான அன்பளிப்பு என்று ஆளொருவருக்கு நாளொன்றுக்குப் பெரும்பாலும் பதினைந்து முதல் இருபது டொலர் வரை கணக்கில் தானாகவே ஏறும். நால்வர் ஐந்து இரவு தங்கினால் முந்நூறிலிருந்து நானூறு டொலர் வரை ஆகிறது. பயணச்சீட்டு வாங்கும்போது எவரும் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. குடிக்க வாங்கும் ஒவ்வொன்றுக்கும் 18 சதவீதமோ 20 சதவீதமோ மேலதிகமாகச் சேர்கிறது. அட்டையை நீட்டும்போது தாள் எண்ணிக் கொடுக்கும் வலி தெரியாது, அந்த வலி தெரியாதிருப்பதற்காகவே அந்த முறை அமைந்திருக்கிறது என்பது என் எண்ணம். ஒவ்வொரு இரவும் அறைத் தொலைக்காட்சியிலோ கப்பலின் செயலியிலோ கணக்கைப் பாருங்கள். பிழையான ஒரு பதிவை அன்றே காட்டினால் திருத்துவார்கள்.

தொலைபேசியைப் பற்றியும் ஒரு சொல். கடலில் கப்பலின் செய்மதி வலையமைப்போடு தொலைபேசி தானாகவே இணைந்துவிட்டால் கட்டணம் மிகக் கடுமையாக வரும், ஆதலால் அதை விமானப் பயண நிலையில் (airplane mode) வைத்திருங்கள். அப்படி வைத்தால் வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் வந்து சேராது. இணையத்தில் அட்டையால் செலுத்த வேண்டிய சுற்றுலாக் கட்டணம், இணைய வசதி, விமானச்சீட்டு மாற்றம் எதுவானாலும் கரையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். வெளிநாட்டுப் பாவனைக்காக அட்டையைத் திறந்துவிடும்படி வங்கிக்கு அறிவிப்பதும் புறப்படுமுன் செய்ய வேண்டிய வேலை. அட்டை தொலைந்தால் அழைக்க வேண்டிய இலக்கத்தை அட்டையில் அல்லாமல் தனித் தாளில் எழுதி, பெட்டியின் உள்ளறையில் வையுங்கள்.

கடைசி இரவில் கணக்குப் பட்டியல் வரும். பாவிக்காத குளிர்சாதனப் பெட்டிப் பானம், வாங்காத படம், இருமுறை ஏறிய தேநீர் என்று ஏதாவது இருக்கக்கூடும். இரவுச் சாப்பாட்டுக்குப் போகுமுன்னரே பட்டியலோடு வரவேற்பு மேசைக்குப் போங்கள், முற்பண மிச்சத்தையும் அப்போதே கேட்டு வாங்குங்கள். விடிந்த பிறகு அங்கே நிற்கும் வரிசை மிக நீளமாக இருக்கும், உங்கள் தளத்தை இறங்கச் சொல்லி ஒலிபெருக்கியும் அழைத்துக்கொண்டிருக்கும். அறையை விட்டு வெளியேறுமுன் பெட்டகத்தைத் திறந்து கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். விமான நிலையத்துக்குப் போகும் வாடகைக் காருக்கான சிங்கப்பூர் டொலர் உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.